முத்திரை

கடிதம் வந்து பதினொரு நாளாகிறது.
கடலே இல்லாத ஒரு நாட்டில்
மலைமேல் இருக்கிற பல்கலைக்கழகம் அனுப்பியது.
"எங்கள் நிறுவனர் அருட்பணி கஸ்பார் பிலேந்திரன்
பிறந்த தேதியைத் தங்கள் பங்குப் பதிவேட்டில்
பார்த்து எழுத வேண்டுகிறோம்.
பொன்விழா மலருக்கு."
கனத்த தாள். இந்த ஈரக்காற்றிலும் தளரவில்லை.
பங்குச் சாமி அதை என்னிடம் நீட்டி
"நீர் பாரும்" என்றுவிட்டு
சாயல்குடி பஸ்ஸுக்கு ஓடினார்.

மூக்கையூர்ப் பதிவேட்டைத் திறப்பது
ஒட்டிக் காய்ந்த கருவாட்டைப் பிரிக்கிற வேலை.
புயல் வருடத்தில் நனைந்த புத்தகம்.
ஒரு பக்கத்தை உரித்தால்
அடுத்த பக்கத்துப் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள்.
சவேரியான் மகன் கஸ்பார் என்று இரண்டு பேர்.
மூன்று வருட இடைவெளி.
முதல் பிள்ளை போனபின்
அடுத்ததற்கும் அதே பெயரை வைத்தார்களா,
இல்லை ஊரில் இரண்டு சவேரியானா?
ஓரத்தில் லத்தீனில் ஒரு வரி.
அதன்மேல் கரையான் நடந்த தடம்.

லூசியாவிடம் கேட்கப் போனேன்.
பாசி அறுத்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தாள்,
விரல்களில் சுற்றின துணியை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டு.
"அண்ணன் பொறந்த தேதியா?
சூடை கொள்ளையாப் பட்ட வருசம்னு அம்மா சொல்லும்."
எந்தக் கட்டத்தில் அதை எழுதுவது?

கடிதத்தின் தலையில் பச்சை மையில் ஒரு சின்னம்:
கூர்முனைச் சுடர், உள்ளே இன்னொரு நாக்கு.
கீழே சிறிய எழுத்தில் விளக்கம்.
அறிவின் தீபம். நிறுவனர் தம் கையால் வரைந்தது.
லூசியா தாளைத் தூரமாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு கிட்டே.
"எங்கய்யா ஊசியில்ல இது!"

வலைமுடிகிற ஊசி.
மூங்கிலில் சீவியது.
"இந்தா, இந்த நாக்குலதான் நூலைச் சுத்துறது.
அண்ணன் சாமியாருக்குப் படிக்கப் போன அன்னைக்குக் காணல.
நாந்தான் தொலைச்சேன்னு
அச்சுக்கட்டையால அடிச்சாரு அய்யா.
எட்டு வயசு எனக்கு.
தொலைக்கலன்னு சொல்லச் சொல்ல அடி.
மறுநா புது ஊசி வாங்கியாந்து
பள்ளிக்கூடம் போதும், வலைக்கு ஒக்காருன்னுட்டாரு."

சிரித்தாளா என்று தெரியவில்லை.
கன்னத்தில் உப்பு காய்ந்து இழுத்திருந்தது.

கடிதத்தோடு ஒரு படப்புத்தகமும் வந்திருந்தது.
தகரக் கொட்டகையில் ஒன்பது மாணவர்கள்,
நடுவில் முட்டிவரை சேறோடு அவர்.
அப்புறம் செங்கல். அப்புறம் மணிக்கூண்டு.
அப்புறம் கறுப்பு அங்கியில் நாலாயிரம் பேர்,
வைத்தியம், சட்டம், மண்ணியல்.
எல்லார் நெஞ்சிலும் ஊசி.

"அம்புட்டுப் பேர் மேலயும் குத்தி வச்சிருக்கான்"
என்றாள், கொஞ்சம் பெருமையாகத்தான்.

கடைசிப் பக்கம், அவர் இறந்த அறை.
கயிற்றுக் கட்டில், சிலுவை, ஒரு சோடிச் செருப்பு.
சுவரில் ஆணியில் தொங்குகிறது அது.
லூசியா கட்டைவிரலை அதன்மேல் வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
"சுத்தின நூலு சுத்தினபடி இருக்கு பாரு.
ஒரு கண்ணுகூட முடியல, பாவி."

ராத்திரி எழுதினேன்.
பிறந்த தேதி: இரண்டு உண்டு, எது என்று தெளிவில்லை.
சூடை மீன் மிகுதியாகப் பட்ட ஆண்டு.
சின்னம் பற்றி ஒரு திருத்தம் இருக்கிறது,
என்று தொடங்கி
அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.
குடும்பத்தார் சொல்ல விரும்புவது என்ற இடத்தில்
லூசியா சொன்னதை அப்படியே:

ஊசியைத் திருப்பி அனுப்பவும்.
தபால் கூலி நான் தருவேன்.

உறை இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.
மூன்று முறை பசை தடவிவிட்டேன்,
இந்தக் காற்றில் ஒட்ட மாட்டேன் என்கிறது.